எலியின் எலும்பை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மகள், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான மருந்துகளை விலங்குகளிடம் சோதிக்கும் ஆய்வில் சேர விரும்புகிறார். இத்தனை வருடம் எலிகளோடு கழித்துவிட்டு எந்த வேலைக்குப் போவார் என்று கவலைப்படுகிறீர்கள். ஆய்வுத் தலைப்பைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. எலும்பைத் தன் கையால் வெட்டி, தன் கண்ணால் அளக்கத் தெரிந்தவராக அவர் வெளியே வருகிறாரா என்பதுதான் கேள்வி.

எலும்பு ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் நிரப்புவதைவிட அரிப்பு மிஞ்சிவிடுகிறது. அதே நிலையை உண்டாக்கத்தான் பெண் எலியின் சூலகத்தை அகற்றுகிறார்கள். அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் அரிப்பை அடக்கும். டெரிபாராடைடு புது எலும்பை வளர்க்கும்.

இதை அளக்கும் விதம் அழகானது. கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை எலிக்குச் சில நாள் இடைவெளியில் இருமுறை ஊசியாகப் போடுவார்கள். அந்தந்த வேளையில் படியும் எலும்பில் சாயம் தங்கிவிடும். பிறகு எலும்பின் சுண்ணச்சத்தைக் கரைக்காமல் பிசினில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்தால், இருட்டில் இரண்டு பச்சைக் கோடுகள் தெரியும். கோடுகளின் இடைவெளியை நாட்களால் வகுத்தால், ஒரு நாளில் எத்தனை மைக்ரோமீட்டர் எலும்பு வளர்ந்தது என்பது கிடைக்கும். எலும்பின் நுண்ணமைப்பை எக்ஸ்ரேயால் முப்பரிமாணமாகக் காட்டும் மைக்ரோ சிடி படம், எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு வேகமாக உருவாகிறது என்று சொல்லாது. படம் மட்டும் எடுக்கும் ஆய்வகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த விலங்கு எதற்குப் பொருந்தும் என்ற தெளிவும் வேண்டும். மனிதரின் கெட்டியான புற எலும்புக்குள் நடக்கும் புதுப்பித்தல் எலியிடம் மிகக் குறைவு. அதனால்தான் ஆடு, நாய், குரங்கு ஆகியவையும் தேவைப்படுகின்றன. எலும்பு அரிப்பை அடக்கும் இன்னொரு மருந்தான டெனோசுமாப், மனித உடலில் தான் பற்றும் புரதத்தின் எலி, சுண்டெலி வடிவங்களோடு ஒட்டவே ஒட்டாது. மனித மரபணுவைப் புகுத்திய சுண்டெலியிலும் குரங்கிலும்தான் அதைச் சோதித்தார்கள். டெரிபாராடைடை நீண்ட காலம் பெற்ற எலிகளுக்கு எலும்புப் புற்று வந்ததால், 2002-இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கையுடன்தான் அதற்கு அனுமதி தந்தார்கள். மனிதர்களிடம் அந்த ஆபத்து தென்படாததால் 2020-இல் அந்தக் கடும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. எலியிடம் கண்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்று எடைபோடும் இந்தப் பக்குவத்தைத்தான் மருந்து நிறுவனங்கள் தேடுகின்றன.

நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். மருந்து நிறுவனங்களின் விலங்குச் சோதனைப் பிரிவு, ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள், எலும்பு மற்றும் பல் உள்வைப்புத் தயாரிப்பு, நச்சியல், மருந்து அனுமதிக்கான ஆவணம் எழுதுதல் என்று வழிகள் இருக்கின்றன. புள்ளியியலை இப்போதே நன்றாகக் கற்கச் சொல்லுங்கள்.

மகளிடம் நீங்கள் மனம்விட்டுப் பேச வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வின் முடிவில் விலங்குகள் கொல்லப்படும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, வலியைக் குறைக்கும் விதிகள் எல்லாம் இருந்தாலும் அந்த வேலையை அவரே செய்ய வேண்டிவரும். சேரும் முன்பே சில வாரங்கள் விலங்கு அறையில் பயிற்சி பெறட்டும். மனம் ஒப்பவில்லை என்றால் அது குறையே இல்லை; செல் வளர்ப்பு, பட ஆய்வு என்று இதே துறையில் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் மாணவர்களிடம் மகள் தனியாகப் பேசட்டும். எலும்பைச் சீவுவது யார், மாணவர்களா, வெளி நிறுவனமா? முன்பு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.