நலத்தைக் காக்கும் உணவு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இப்போது 44 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன், நன்றாக உறங்குகிறேன். பரம்பரையாக வருவது எப்படியும் வரத்தானே செய்யும்? உடம்பில் ஒன்றும் இல்லாதபோது இப்போதே உணவை மாற்றிக்கொள்வதால் என்ன பயன், டாக்டர்?

பதில்: தந்தைக்கு மாரடைப்பு வந்த வயதை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால், அதை மருத்துவர்கள் ஒரு தனி அபாயக் காரணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே உங்களுக்குக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. கைவிட்டுவிடக் காரணம் இல்லை.

தொந்தரவு இல்லை என்பதால் நோயும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. கொரியப் போரில் உயிரிழந்த, சராசரியாக 22 வயதே ஆன அமெரிக்கப் படைவீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் அந்தப் பாதிப்பின் அடையாளங்களைக் கண்டதாக 1953இல் எழுதினர். தமனியின் உள்வழி பெருமளவு குறுகிய பிறகுதான் உழைக்கும்போது வலி தெரியத் தொடங்கும். மிதமான அளவே உள்ள படிவுகூட ஒருநாள் திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடலாம். அதற்கு முந்தைய நாள் வரை அந்த மனிதர் மாடி ஏறிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பரம்பரை பற்றியும் இன்று தெளிவான சான்று இருக்கிறது. மரபணு வழியாக இதயநோய் அபாயம் அதிகம் உள்ளவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், புகைக்காமை, உடற்பருமன் இல்லாமை, ஒழுங்கான உடலுழைப்பு, நல்ல உணவுமுறை ஆகிய நான்கில் குறைந்தது மூன்றைக் கடைப்பிடித்தவர்களுக்கு, அவற்றைக் கடைப்பிடிக்காதவர்களைக் காட்டிலும் இதயநோய் ஏறத்தாழப் பாதி அளவே காணப்பட்டது. பரம்பரை தரும் அபாயம் உண்மையானது. அதன் மீது நமக்குள்ள பிடியும் அதே அளவு உண்மையானது.

இதை ஒரு வட்டாரமே செய்து காட்டியிருக்கிறது. பின்லாந்தின் கிழக்கிலுள்ள வடக்குக் கரேலியாவில், 1970களின் தொடக்கத்தில் நடுவயது ஆண்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 1972இல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய இயக்கம், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு நீக்கிய பால், குறைந்த உப்பு, மிகுந்த காய்கனி, புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் ஆகியவற்றை வீடு வீடாகவும் பள்ளி, கடை, பணியிடம் வழியாகவும் கொண்டு சேர்த்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் வேலைசெய்யும் வயதிலுள்ள ஆண்களிடையே அந்த இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அம்மக்களின் மரபணு மாறிவிடவில்லை; அவர்களது சமையலறை மாறியது.

நீங்கள் செய்ய வேண்டியதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதை விடுகிறோம் என்பதைப் போலவே, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். நெய், வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தைச் சர்க்கரையாலும் தீட்டிய மாவுப்பொருளாலும் நிரப்பினால் இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. தாவர எண்ணெய், கொட்டைகள், மீன், பருப்பு, முழுதானியம் ஆகியவற்றால் நிரப்பினால், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் குறைகிறது, மாரடைப்பும் குறைகிறது. கூடவே ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். எல்.டி.எல். மிக அதிகமாக இருந்தால் உணவு மட்டும் போதாமல் மாத்திரையும் தேவைப்படலாம். அதை உங்கள் முயற்சியின் தோல்வியாக எண்ண வேண்டாம்.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் நான் உப்பைத் தொடுவதே இல்லை. ஆனாலும் என் ரத்த அழுத்தம் 146/92 என்று வந்திருக்கிறது. உப்பு காரணமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. நாம் உண்ணும் உப்பில் பெரும்பகுதி, நாம் கையால் தூவாத உப்பு. சமைக்கும்போது சேர்ந்தது ஒரு பங்கு. ரொட்டி, பிஸ்கட், சாஸ், பாலாடைக்கட்டி, உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் நொறுவல் ஆகியவற்றில் மறைந்து வருவது இன்னொரு பங்கு. இனிப்பான பண்டங்களிலும் உப்பு இருப்பதால் நாக்கை நம்பிக் கணக்கிட முடியாது. வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உலக மக்கள் சராசரியாக உண்பது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பொட்டலங்களில் சோடியம் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

உப்பைக் குறைப்பது பாதி வேலை. மீதிப் பாதி பொட்டாசியம். காய்கறி, கீரை, பழம், பருப்பு ஆகியவற்றில் நிறைந்துள்ள பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. அமெரிக்காவில் நடந்து 1997இல் வெளியான, உணவுமுறையால் ரத்த அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார்த்த டாஷ் ஆய்வில், உப்பின் அளவை மாற்றாமலே காய்கனியும் கொழுப்பு குறைந்த பால்பொருள்களும் மிகுந்த உணவைத் தந்தபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சுமார் 11 புள்ளிகள் இறங்கியது. அந்த இறக்கம் இரண்டு வாரங்களிலேயே தெரிந்தது. அதோடு உப்பையும் குறைத்தபோது அழுத்தம் இன்னும் இறங்கியதை 2001இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது. சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதாலேயே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரைகளை உண்பவர்களும் அவ்வகை உப்பை மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தவே கூடாது. அவர்களுக்கு அது இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம்.

உப்பைக் குறைத்த முதல் சில வாரங்கள் உணவு சப்பென்றுதான் இருக்கும். நாக்கு அதற்குப் பழகிக்கொள்கிறது. பிறகு பழைய அளவு உங்களுக்கே கரிக்கும். ஒரே அளவீட்டை வைத்து எதையும் முடிவு செய்யாமல், வேறு வேறு நாள்களில், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பிறகு எடுத்த அளவீடுகளை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி அளவு 6.1 என்று வந்தது. ‘பார்டர்லைன் சுகர்தான், பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார்கள் எல்லோரும். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் இந்த எச்.பி.ஏ.1சி அளவு 5.7 முதல் 6.4 வரை உள்ள நிலை நீரிழிவுக்கு முந்தைய கட்டம். நோயைத் திருப்பி அனுப்புவதற்கு இதைக் காட்டிலும் நல்ல தருணம் பின்னால் கிடைக்காது என்பதால்தான் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற சொல் எனக்குக் கவலை தருகிறது.

இந்தக் கட்டத்தில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடப்பது என்ற இரண்டு இலக்குகளே ஒரு குழுவுக்குத் தரப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்பார்மின் மாத்திரையை உண்டவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு பின்லாந்து ஆய்வும் அதே 58 சதவீதத்தைத்தான் காட்டியிருந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு, எட்டாத இலக்கல்ல. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில், ஆறு ஆண்டுகளே உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் பெற்றவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், அவர்களுக்கு நீரிழிவு சராசரியாக நான்கு ஆண்டுகள் தள்ளி வந்திருந்தது. இதயநோயும் இறப்பும் குறைந்திருந்தன.

தட்டில் பாதியைக் காய்கறியால் நிரப்புங்கள். தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுதானியத்தையும் பருப்பையும் வையுங்கள். இனிப்புப் பானங்களை அறவே விடுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது மீண்டும் பரிசோதியுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேனும் பழச்சாறும் எடுத்துக்கொள்கிறோம். இவை இயற்கையானவை என்பதால் அளவு பார்க்கத் தேவையில்லைதானே?

பதில்: அளவு பார்க்கத்தான் வேண்டும். தேனையும் பழச்சாற்றையும், நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு ஒன்றாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவை அனைத்தும் சேர்ந்து, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது. பழத்தை மென்று தின்னுங்கள்.

கேள்வி: காய்கறி, பழங்களை ஒழுங்காக உண்ண நேரம் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக வைட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை எடுத்துக்கொண்டால் புற்றுநோயும் இதயநோயும் வராமல் தடுக்கலாமா?

பதில்: இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. காய்கனி மிகுதியாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்டு, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைத் தனியே பிரித்துக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் வெளியான முடிவு அனைவரையும் அதிரவைத்தது: மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த அதேபோன்ற ஆய்வை 1996இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 26,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி மாத்திரையும் ஒமேகா-3 மாத்திரையும் புற்றுநோயையோ, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த அளவையோ குறைக்கவில்லை.

ஒரு காயில் நார்ச்சத்து, பொட்டாசியம், நூற்றுக்கணக்கான தாவர வேதிப்பொருள்கள் இருக்கின்றன; அதோடு, அது தட்டில் இடம்பிடித்து வேறொரு கேடான உணவை வெளியே தள்ளுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் மாத்திரையாக விழுங்குவது ஈடாகாது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம், விலங்குணவை அறவே தவிர்ப்பவர்களுக்கு பி12, பரிசோதனையில் குறைபாடு உறுதியானவர்களுக்கு அந்தந்தச் சத்து ஆகியவை தேவையானவை. அவற்றை நான் மறுக்கவில்லை.

கேள்வி: எந்த உணவை உண்டால் புற்றுநோய் வராது?

பதில்: அப்படி ஓர் உணவு இல்லை. அப்படி இருப்பதாகச் சொல்லி எவரேனும் உங்களிடம் எதையாவது விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். புற்றுநோய் வந்தவர்கள் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிரையே பறித்துவிடுகிறது. ஆனால் புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதை மனத்தில் வையுங்கள். புகையிலை முதல் எதிரி. மதுவும் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானது. நாளும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை ஏறத்தாழ 18 சதவீதம் கூட்டுகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் மதிப்பிட்டது. முழுதானியமும் நார்ச்சத்தும் அதே நோயைக் குறைக்கின்றன. மிகை உடற்கொழுப்போடு தொடர்புடைய புற்றுநோய்கள் 13 என்று அதே முகமை கூறுகிறது.

உணவைப் பற்றிக் கேட்பவர்கள் தடுப்பூசியை மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் புற்றுநோயைக் குறைக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும், எந்த உணவும் தர முடியாத பாதுகாப்பைத் தருகின்றன. உங்கள் வயதுக்குரிய கருப்பைவாய், மார்பக, பெருங்குடல் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இதயத்துக்கு நல்லது என்று எண்ணெய், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டார். ‘உடம்பு லேசாக இருக்கிறது’ என்று மகிழ்கிறார். இது சரியா?

பதில்: சரியல்ல; இந்த இதழின் கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். முதியவர்கள் தாமாக முயலாமலோ, இப்படிப் பத்தியம் இருந்தோ உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழக்கும்போது, போவதில் கணிசமான பகுதி தசையாக இருக்கலாம். தசை போனால் கால் தடுமாறுகிறது, விழுந்தால் எலும்பு முறிகிறது, படுத்தால் எழுவது அரிதாகிறது. நடுவயதில் காக்கும் கட்டுப்பாடே முதுமையில் அளவு மீறினால் தீங்காகிறது. சிறுநீரகப் பாதிப்பு இல்லையென்றால் அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அதை ஒரே வேளையில் கொடுக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்து, முட்டை, பால், தயிர், பருப்பு, மீன் என அவருக்குப் பிடித்ததாகக் கொடுங்கள். எண்ணெயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். தாவர எண்ணெய் அவரது இதயத்துக்குப் பகை அல்ல. வாரம் மூன்று நாளாவது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது போன்ற பயிற்சிகளைப் பற்றுக்கோடு ஒன்றின் அருகே நின்று செய்யட்டும். ஆனால் இளைப்புக்குப் பத்தியம் மட்டும்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். தைராய்டு மிகை, நீரிழிவு, பல்வலி, மனச்சோர்வு, மறைந்திருக்கும் வேறு நோய் எதுவும் இதே உருவில் வரக்கூடும் என்பதால், இந்த வாரத்திலேயே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் உடன் கொண்டுபோங்கள்.