ஹஸ்கி நாய்க்கு முடியை மழித்துவிட்டால் வெயில் தாங்குமா? வீட்டுக்குள் வளர்க்க முடியுமா?

மழிக்காதீர்கள். ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு மாதிரி மென்மையானது, வெளியே நீளமான காவல் முடி. இந்த வெளி அடுக்குதான் வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகலாம், முடியும் பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக நிற்கலாம். உண்மையில் காற்றை அடைப்பது உதிர்ந்தும் உள்ளேயே சிக்கிக் கிடக்கும் பஞ்சு முடி. அதைச் சீவி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. வருடத்துக்கு இரண்டு முறை கொத்துக்கொத்தாகக் கொட்டும். அந்த வாரங்களில் தினமும் சீவ வேண்டும். சீவி முடித்தால் பக்கத்தில் இன்னொரு நாய்க்குட்டி படுத்திருப்பது போல ஒரு குவியல் கிடக்கும். கறுப்புச் சட்டை போடும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, வீட்டுக்குள்? முடியும், ஆனால் முடியைவிடப் பெரிய பாடு அதன் சுறுசுறுப்பு. சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த இனம் இது. 1925ல் அலாஸ்காவின் நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைக் கொண்டுபோன நாய்களில் இவையும் உண்டு. அந்த உடம்புக்குத் தெருமுனை வரை நடை எந்த மூலைக்கு? விடிகாலையிலும் இருட்டிய பிறகும் நன்றாக ஓடவிடுங்கள், வெயிலில் வேண்டாம். ஓட்டம் போதாவிட்டால் சோபாவின் பஞ்சு வெளியே வரும், வேலிக்கடியில் பள்ளம் விழும். அப்புறம், இது குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம். அண்டைவீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.