மெல்பேர்ண் மக்னோலியா உப்புவெளியில் வருமா?

முற்றமும் வளவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, மகன் வீட்டுக்கு மெல்பேர்ண் போயிருந்தேன். அங்கே மதிலோரம் வரிசையாக ஒரு குட்டை மரம் வைத்திருக்கிறார்கள். இலை மேல்பக்கம் பளபளவென்று கரும்பச்சை, அடிப்பக்கம் மண்ணிறம். கையகல வெள்ளைப் பூ, எலுமிச்சை கலந்த வாசம். 'லிட்டில் ஜெம்' மக்னோலியா என்று மகன் சொன்னான். உப்புவெளியில் எங்கள் மதிலோரமும் இப்படி ஒரு வரிசை வைக்கலாமா? கடல் கூப்பிடு தூரம். கிணற்றுத் தண்ணீர் ஆவணியில் கொஞ்சம் உவர்க்கும். மகன் வரும்போது பெட்டிக்குள் விதையோ கன்றோ வைத்துக் கொண்டுவரவா என்று கேட்கிறான்.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி)

பதில்: ரீச்சர், முதல் வேலையாக மகனுக்குக் கோல் எடுத்து, பெட்டிக்குள் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி எடுக்காமல் கன்று கொண்டுவந்தால் கட்டுநாயக்காவிலேயே பறிபோகும், அது நியாயமும்கூட. வெளிநாட்டு வேர்மண்ணோடு என்னென்ன நோய் வரும் என்று திணைக்களத்தில் வேலை செய்த எனக்குத் தெரியும்.

விதையால் பயனும் இல்லை. லிட்டில் ஜெம் என்பது 1952இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு நாற்றுமேடைக்காரர் தேர்ந்தெடுத்த ஒற்றை மரத்தின் வழி. அந்த மரத்தின் துண்டிலிருந்து வளர்த்தால்தான் அதே குட்டை மரம் வரும். விதை போட்டால் அதன் பூட்டனான காட்டு மக்னோலியாவின் குணம் தலைதூக்கலாம். அந்தப் பூட்டன் 60 முதல் 80 அடி போகிற மரம், முதல் பூவைக் காட்ட பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். லிட்டில் ஜெம் அப்படியில்லை. இருபது வருடத்தில் 20 அடி உயரம், 10 அடி அகலம், அவ்வளவுதான். சின்னக் கன்றிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே கண்டி, நுவரெலியாப் பக்கம் கன்று விற்பவர்களிடம் விசாரியுங்கள். "மக்னோலியா" என்று பெயர் அட்டை தொங்கினால் போதாது. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மண்ணிறச் சுணை இருக்கவேண்டும். ஒட்டுக்கன்றோ பதியன் கன்றோ என்றும் கேளுங்கள். ஊதாப் பூவும் மெல்லிய இலையுமாக ஒன்றைக் காட்டினால் திரும்பி வாருங்கள். அது குளிர்காலத்தில் இலை கொட்டுகிற வேறு சாதி, நம் ஊரில் நிற்காது.

இனி உப்புவெளிக்கு வருவோம். வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். இந்த மரத்தின் பிறந்த மண் வட கரோலைனாவிலிருந்து புளோரிடா, கிழக்கு டெக்சஸ் வரை. அங்கே கோடை நம்முடையதைப் போலவே வியர்க்க வைக்கும். வித்தியாசம் மழையில்தான். அங்கே வருடம் முழுக்கப் பரவிப் பெய்கிறது. நமக்கு மார்கழியோடு பெருமழை முடிந்துவிடும், பிறகு வைகாசியில் கச்சான் தொடங்கும். அகலமான இலை வைத்திருக்கும் மரத்துக்கு அந்தக் காய்ந்த மேல்காற்றுதான் எமன்.

ஆகையால் உங்கள் வளவில் எங்கே வைப்பது என்பதற்கு என் பதில் கொஞ்சம் எதிர்மாறாகத் தோன்றும்: கடல் பக்கம் வையுங்கள். வீட்டுக்குக் கிழக்கே, சுவரிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளி. அப்போது வீடே கச்சானை மறிக்கும், பின்னேர வெயிலும் குறையும். உப்புக்காற்று? இந்த மரத்தின் இலை தடித்தது, மெழுகு படிந்தது. அதன் சொந்த நாட்டிலும் கடற்கரை ஊர்களில் நடுகிறார்கள். வாடைக்காற்று காலத்தில் படிகிற உப்பை அதே காலத்து மழை கழுவிவிடும்.

இலை தாங்குகிற உப்பை வேர் தாங்காது. ஆவணியில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலை விளிம்பு கருகிக்கொண்டு வரும். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து ஒரு தாங்கியில் பிடித்து, கோடையில் இந்த மரத்துக்கென்று ஒதுக்குங்கள். இன்னொன்று, மக்னோலியாவுக்குக் கொஞ்சம் புளித்த, அதாவது அமிலக் குணமுள்ள மண்தான் பிடிக்கும். உங்கள் பக்கத்து மணலில் சிப்பியும் சோகியும் கலந்திருப்பதால் மண் சுண்ணாம்புக் குணமாக இருக்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அயல்வீட்டுக்காரர் துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். விவசாய மருந்துக் கடையில் கீலேற்று இரும்பு (வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு) என்று கேட்டு வாங்கி, பைக்கற்றில் உள்ள அளவில் விட்டால் இலை திரும்பும்.

ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். குழி ஆழமாக வேண்டாம், அகலமாக, கன்றுப் பையைப்போல மூன்று மடங்கு. தோண்டிய மணலோடு பாதிக்குப் பாதி மக்கின கூட்டெரு கலந்து போடுங்கள். பையில் எந்த மட்டத்தில் நின்றதோ அந்த மட்டத்துக்கு மேல் மண் ஏறக்கூடாது. அதன் வேர் சதைப்பிடிப்பானது, மேலாகவே ஓடும், ஒருமுறை அறுந்தால் ஆற நாளாகும். ஆகவே நட்ட இடத்திலிருந்து பிறகு மாற்றாதீர்கள். அடியில் மண்வெட்டி, கீரைப்பாத்தி, மல்லிகைச் செடி ஒன்றும் வேண்டாம். பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சருகு போட்டுவிட்டால் ஈரம் நிற்கும். மட்டை தண்டைத் தொடக்கூடாது, கறையான் ஏறும்.

எப்போதும் பச்சை என்றதும் இலை கொட்டாது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். ஒவ்வொரு இலையும் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்து விழும், அதாவது வருடம் முழுக்க முற்றத்தில் சருகு. அதுவும் லேசில் உக்காத, செருப்புத்தோல் போன்ற சருகு. நிலம் பெருக்குகிறவர் யார் என்று வீட்டில் முதலே பேசித் தீருங்கள்.

பூ விடயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். மெல்பேர்ணில் கண்ட அளவு இங்கே எதிர்பார்க்காதீர்கள். நம் இரவுகள் குளிராதவை. இலைச்செழிப்பு வரும், பூ விட்டுவிட்டு வரும். வந்த பூவும் இரண்டு மூன்று நாள்தான், பிறகு இதழ் பழுப்பேறும். கையால் தொட்டால் அந்த இடம் அன்றைக்கே கறுக்கும், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பூவுக்குள் சின்ன வண்டுகளைக் கண்டு மருந்தடிக்கவும் வேண்டாம். இந்தக் குடும்பத்துப் பூவுக்கு மகரந்தம் காவுவது வண்டுதான். நம் அன்னமுன்னாவும் இதே கூட்டத்துத் தூரத்துச் சொந்தம், அதற்கும் வண்டுதான்.

ஆக, ஒரு மரம், வீட்டின் கடல் பக்கம், மழைத்தண்ணீரோடு: வையுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். மதிலோரம் வரிசை: வேண்டாம். அத்தனை மரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்ற உங்களால் முடியாது. மதிலுக்கு மகிழ மரம் வையுங்கள். எப்போதும் பச்சை, கத்தரித்தால் அடங்கி நிற்கும், நம் வரண்ட வலயத்துக் காட்டு மரமே அது. வாசத்தில் மக்னோலியாவுக்குக் குறைந்ததும் இல்லை, காய்ந்த பிறகும் மணக்கும் பூ.

கேள்வி: நகரத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் செவ்வரத்தையை மான்கள் மொட்டை அடித்துவிட்டுப் போகின்றன. மான் தொடாத மரம் ஏதும் உண்டா?
(வாசகர், திருகோணமலை நகரம்)

பதில்: கோட்டைப் பக்கத்து மான் இப்போது கடைத்தெருப் பையையே தின்கிறது, அது தொடாது என்று நான் எதற்கும் உத்தரவாதம் தரமாட்டேன். அலரி நஞ்சு, அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். எதை நட்டாலும் முதல் சில வருடம் ஆறடிக் கம்பிவலைக் கூண்டு போடுங்கள். தின்னாத மரத்திலும் கலைமான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும், சுற்றிவர உரிந்த கன்று பிழைக்காது.

கேள்வி: ஐந்து வருடச் சண்பகம் இன்னும் பூக்கவில்லை. வெட்டிவிடவா?
(வாசகி, கிண்ணியா)

பதில்: விதைக்கன்று என்றால் அவசரப்படாதீர்கள் பிள்ளை, எட்டுப் பத்து வருடம் அதற்கு வழக்கம். சண்பகமும் மக்னோலியாச் சாதிதான், அதன் பொறுமையே வேறு. யூரியாவை நிறுத்துங்கள், அது இலையைத்தான் தள்ளும். மாரி முடிந்ததும் மாட்டெருவும் கொஞ்சம் சாம்பலும் போதும். இலையில் கரிபடிந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது செதில்பூச்சி விடுகிற தேனில் வளரும் பூஞ்சணம். எறும்பு ஏறுகிற வழியை அடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மறு கிழமை இன்னொரு தரம்.