தலைமாட்டில் துப்பாக்கி, காதுக்கு என்ன?

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்பில் திருட்டு நடந்த பிறகு, ரொம்ப யோசித்து ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினேன். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகும்போது அங்கே வாடகைக்குத் தருகிற, காதை மூடும் இயர்மஃபைப் போட்டுக்கொள்கிறேன். ராத்திரி வீட்டுக்குள் சுட நேர்ந்தால் காது என்னாகும் என்று மனைவி கேட்கிறார். எலக்ட்ரானிக் இயர்மஃப் 50 டாலருக்கும் இருக்கிறது, பல நூறு டாலருக்கும் இருக்கிறது. எதை வாங்குவது? அதைப் படுக்கையருகே வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எந்த ராத்திரியை நினைத்து வாங்குகிறீர்களோ, அது பெரும்பாலும் வரப்போவதில்லை. ரேஞ்சுக்கோ அடிக்கடி போவீர்கள். காதைக் கெடுப்பது அந்தப் பயிற்சிதான். அதனால் ரேஞ்சுக்குப் பொருத்தமானதை வாங்குங்கள், அதையே வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சத்தத்தின் அளவு. 9 எம்.எம். பிஸ்டல் வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே சுமார் 160 டெசிபெல் வரும். வேலையிடங்களில் திடீர் வெடிச்சத்தத்துக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் உச்சவரம்பு 140. வித்தியாசம் வெறும் 20தானே என்று தோன்றும். டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு. வீட்டுக்குள் சுவரும் கூரையும் அதைத் திருப்பி வேறு அடிக்கும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி வளராது. ஆபத்து நேரத்தில் சுட்டவர்கள் பலர் "சத்தமே கேட்கவில்லை" என்பார்கள். மூளை கவனிக்கவில்லை, அவ்வளவுதான். காது வாங்க வேண்டிய அடியை வாங்கியிருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது அட்டையில் அச்சிட்டிருக்கும் என்.ஆர்.ஆர். எண், அதாவது சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு. அமெரிக்காவில் விற்கும் காது பாதுகாப்புச் சாதனங்களில் இது கட்டாயம். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டில் 22, வாக்கர்ஸ் ரேசரில் 23, பெல்டார் ஸ்போர்ட் டாக்டிகல் 500-இல் 26. காதுக்குள் வைக்கும் சாதாரண ஃபோம் பிளக்கில் 33 வரைகூட உண்டு. இவை ஆய்வுக்கூட எண்கள். நாம் அவசரமாக மாட்டும்போது கிடைப்பது குறைவுதான்.

பல நூறு டாலர் கொடுத்தால் கிடைப்பது தெளிவான மைக், ப்ளூடூத், மெத்தென்ற ஜெல் குஷன். சத்தத் தடுப்பு அதற்கேற்பக் கூடுவதில்லை. விலை கூடிய சில மாடல்களில் அந்த எண் குறைவாகவே இருக்கும். உண்மையில் சத்தத்தைத் தடுப்பது பிளாஸ்டிக் கிண்ணமும் அதன் குஷனும்தான். எலக்ட்ரானிக்ஸின் வேலை வேறு: மெல்லிய சத்தத்தை மைக்கில் பிடித்துக் கூட்டித் தரும், பெரிய சத்தம் வந்தால் அப்படித் தருவதை நிறுத்திக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் தடுப்பு அப்படியே இருக்கும். ஆகவே 50, 60 டாலர் மஃப் ஒன்றும், ஒரு டப்பா ஃபோம் பிளக்கும் போதும். உள்ளரங்க ரேஞ்சில் பிளக்கை வைத்து அதன்மேல் மஃபைப் போடுங்கள். 33-ஐயும் 22-ஐயும் கூட்டி 55 என்று மகிழ வேண்டாம், பெரிய எண்ணோடு ஒரு 5 கூடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் குஷனுக்கு இடையில் சந்து விழும், அதையும் பாருங்கள்.

வீட்டில் பிளக் வேண்டாம். யார் வருகிறார்கள், மகன் கூப்பிடுகிறானா என்று கேட்க வேண்டுமே. மஃபை பிஸ்டல் இருக்கும் அதே பூட்டுப் பெட்டிக்குள்ளோ, அதை ஒட்டியோ வையுங்கள். அல்கலைன் பேட்டரி நாளாக நாளாகக் கசியும், லித்தியம் போடுங்கள். சில மாடல்கள் சில மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் என்பதால், மாட்டும்போது சுவிட்சைப் போட கை பழக வேண்டும். பிஸ்டல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், மஃபை மட்டும் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி வீட்டுக்குள் நடந்து பாருங்கள். ஏசி இரைச்சல் பெரிதாகக் கேட்கும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் கொஞ்சம் குழம்பும். அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

நேரம் இருந்தால்தான் இதெல்லாம். குடும்பத்தை ஒரே அறைக்குள் கொண்டுவந்து, கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டால் மஃப் வழியாகவே கேட்கும். ஆள் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டான் என்றால் மஃபைத் தேடாதீர்கள். அப்புறம், அந்த அறையில் மனைவிக்கும் பிள்ளைக்கும் காது இருக்கிறது. அவர்களுக்கு எலக்ட்ரானிக் தேவையில்லை, சாதாரண மஃப் ஆளுக்கொன்று போதும்.

கேள்வி: சைலன்சர் போட்டால் இயர்மஃபே வேண்டாம் என்கிறான் நண்பன். வரியும் போய்விட்டதாமே?

பதில்: வரி போனது உண்மை. 1934 சட்டம் விதித்த 200 டாலர், 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-க்கு விண்ணப்பம், கைரேகை, புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. டெக்சாஸில் வைத்திருக்கலாம், கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் பக்கம் கொண்டுபோக முடியாது. சினிமாவில் வருகிற "உஸ்" எல்லாம் கதை. 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும், அதாவது 160 என்பது 130-க்குப் பக்கத்தில் வரும். தவிர்க்க முடியாத ஒரு சூட்டுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் பயிற்சிக்கு மஃப் வேண்டும். சைலன்சருக்குப் பல நூறு டாலர், மரையிட்ட குழல் தனி, நீளம் கூடுவதால் சின்னப் பெட்டிக்குள்ளும் அடங்காது. முதலில் வாங்க வேண்டிய பொருள் இது இல்லை.

கேள்வி: ஏர்பாட்ஸ் ப்ரோ போதாதா?

பதில்: போதாது. துப்பாக்கிச் சத்தத்துக்கு உகந்ததல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. அதேபோல இணையத்தில் மலிவாக வரும் பழைய ராணுவ இருமுனை பிளக்குகளையும் தொடாதீர்கள். அவை காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று படைவீரர்கள் தொடுத்த வழக்குகளை முடிக்க 3எம் நிறுவனம் 2023-இல் சுமார் 600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புதிய ஃபோம் பிளக் டப்பா அந்தப் பழைய பிளக்குகளைவிட மலிவு. விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை பிடித்திருங்கள். இத்தனைக்குப் பிறகும் சூட்டுக்குப் பின் காது இரைந்தாலோ அடைத்தாற்போல இருந்தாலோ, தானே சரியாகும் என்று வாரக்கணக்கில் விடாமல் ஓரிரு நாளில் காது மருத்துவரைப் பாருங்கள். கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.