மலர்ச்சாலைக்காரனிடம் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் ஒரு மலர்ச்சாலையில், அதாவது செத்தவீட்டு ஒழுங்குகள் செய்கிற இடத்தில், எனக்கு 22 வருட வேலை. முதலில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், பிறகு கொழும்புக்குப் போய் எம்பாம் பண்ண, அதாவது உடம்பு கெடாமல் இருக்க மருந்து ஏற்றப் பழகினேன், இப்போது அதுவும் என் வேலை, செத்தவீட்டு ஒழுங்குகளும் என் தலையில்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை, எம்பாம் என்றால் குடல், ஈரல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவார்களாமே?

அது பழைய எகிப்துக்காரர் செய்தது. நாங்கள் கழுத்தோரம் சின்னதாக வெட்டி, அங்கே ஓடுகிற பெரிய இரத்தக்குழாயான நாடியைத் தேடிப் பிடித்து, போர்மலின் கலந்த கரைசலை மெசினால் மெல்ல மெல்ல உள்ளே விடுவோம், பக்கத்து நாளத்தைத் திறந்துவிட்டால் இரத்தம் அந்த வழியால் வெளியே வரும். நடுத்தரமான ஒரு உடம்புக்கு 8 தொடக்கம் 12 லீற்றர் வரை போகும். கை கால்களைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் விறைப்பும் இளகும், மருந்தும் விரல் நுனிவரை போய்ச் சேரும். மருந்தில் கொஞ்சம் சிவப்புச் சாயமும் இருக்கிறதால் காது மடலிலும் நகத்தடியிலும் நிறம் தெரியும், அது தெரிந்தால் சரி, பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஒரு நீண்ட குழாய் ஊசியால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் தனியாக மருந்து. குடலுக்குள் இருக்கிற பக்டீரியாதான் அழுகலை முதலில் தொடங்கும், அதை விட்டுவிட்டு மற்றதைச் செய்து பிரயோசனமில்லை. எல்லாம் முடிய இரண்டு மணித்தியாலம், சிலவேளை மூன்று.

கேள்வி: நான் கனடாவில். அம்மாவுக்கு கடுமை என்கிறார்கள். ஏதும் நடந்தால் நான் வந்து சேர மூன்று நாலு நாளாகும். அதுவரை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். இங்கே எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி இதுதான்: பிள்ளை கனடாவில், லண்டனில், சுவிஸில், உடம்பு இங்கே. விசா இழுபட்டதால் ஒன்பது நாள் வைத்திருந்த வீடும் உண்டு. ஆனால் தயவுசெய்து "மகனிடம் கேட்டுவிட்டு முடிவு எடுப்போம்" என்று அரை நாள் தாமதிக்காதீர்கள். நம்முடைய வெக்கையில் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கிடைத்த உடம்புக்கும் அடுத்த நாள் கிடைத்த உடம்புக்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்த மருந்தாலும் சரிக்கட்ட முடியாது. வருத்தமாகக் கிடந்து, வைத்தியர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் என்றால் காகித வேலை லேசு. திடீரென்று நடந்தது, விழுந்தது, விபத்து என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி சொல்லும்வரை நாங்கள் கை வைக்கமாட்டோம், கேட்டும் பிரயோசனமில்லை. போர்மலின் உள்ளே போய்விட்டால் பிறகு நஞ்சு இருந்ததா என்று பரிசோதிக்கிறவர்களுக்கு வேலை கெட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஒன்பது நாள் வீட்டுக்கு வந்த மகன் பெட்டியடிக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்தார், பிடித்தவுடனே விட்டுவிட்டார். கை குளிர்ந்து, இறப்பர் மாதிரி இறுகி இருந்தது. முகம் அவருக்குத் தெரிந்த முகம்தான், ஆனால் கையைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து இதைச் சொல்லித்தான் உள்ளே விடுகிறேன். உங்களுக்கும் இப்பவே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: அப்பா வீட்டில் இரவு இறந்தார். காலையில் பார்த்தால் முகம் ஒரு பக்கம் ஊதாவாக இருந்தது. யாரும் ஏதும் செய்துவிட்டார்களோ என்று ஊரில் கதை.

ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. இதயம் நின்றால் இரத்தம் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும், எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் ஊதாவாகும். சில மணித்தியாலம் போனால் அப்படியே படிந்துவிடும், பிறகு எங்களால் பூசி மறைக்கத்தான் முடியும். எனவே வீட்டில் ஒரு சாவு நடந்தால் நேராகக் கிடத்தி, தலைக்குக் கீழே தலையணை வைத்து நெஞ்சைவிட உயர்த்திவிடுங்கள். தாடையைத் துணியால் கட்டுவது நல்லது, இறுக்கிக் கட்டவேண்டாம், தடம் விழும்.

கேள்வி: மருத்துவபீட மாணவி நான். எல்லா உடலிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யுமா?

இல்லை பிள்ளை. செங்கண்மாரியோடு (மஞ்சள் காமாலை) இறந்தவர் பெரிய தலையிடி, போர்மலின் பட்டால் அந்த மஞ்சள் பச்சையாக மாறும், பச்சை முகத்தை வீட்டுக்காரருக்கு எப்படிக் காட்டுவது? அதற்குப் போர்மலின் குறைந்த கலவை வேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்குக் காலில் நாடி அடைபட்டிருக்கும், மருந்து முழங்காலோடு நின்றுவிடும், கீழே தனியாக ஏற்றவேண்டும். பிரேத பரிசோதனை செய்த உடம்பில் பாதையே அறுந்திருக்கும், கழுத்தில் இரண்டு, அக்குளில் இரண்டு, தொடையில் இரண்டு என்று ஆறு இடத்தில் ஏற்றுவோம். அன்றைக்கு வீட்டுக்குப் போக விடிந்துவிடும்.

கேள்வி: செத்த பிறகும் தாடி, நகம் வளருமாமே?

வளராது. தோல் காய்ந்து உள்ளே இழுபடும், அதனால் நீண்ட மாதிரித் தெரியும். சவரம் செய்யும்போது கவனம் வேண்டும், பிளேட் உரசின இடம் ஆறாது, மண்ணிறமாகக் காய்ந்து நிற்கும்.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்குகிற கருவி) வைத்திருந்தது. எரிக்கும்போது பிரச்சினை வருமா?

வரும். சூட்டில் பற்றரி வெடிக்கும். கட்டாயம் முதலே சொல்லுங்கள், எடுப்பது ஐந்து நிமிட வேலை.

கேள்வி: கொரோனா நேரம் எப்படி?

எம்பாமே இல்லை. பையில் அடைத்து, பெட்டியை மூடி, நேராகத் தகனம். 2020 ஏப்ரலில் எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது, முஸ்லிம் சனத்தையும் எரித்தார்கள். ஒரு நாளுக்குள் கழுவி அடக்கிவிடுகிற, எங்கள் மருந்தே தேவைப்படாத ஆக்கள் அவர்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க விட்டார்கள், அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் கொண்டுபோய். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அது இன்றைக்கும் ஆறாத விஷயம், முகத்தைக் காட்டிவிட்டு அனுப்புவதுதானே எங்கள் முழு வேலையும்.

கேள்வி: லெனின் மாதிரி எப்போதைக்கும் வைத்திருக்கலாமா?

அவரை 1924 தொடக்கம் ஒரு கூட்டம் ஆக்கள் ஓயாமல் பராமரிக்கிறார்கள், இடைக்கிடை கரைசலில் ஊறவைக்கிறார்கள். நாங்கள் செய்வது சில நாள் தவணை வாங்குவது.

கேள்வி: பேய் பயம் இல்லையா? கல்யாணம் கட்டுவது கஷ்டமாமே?

பேய் இல்லை. போர்மலின்தான் பயம், அது புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே பட்டியலில் போட்டிருக்கிறது, நாங்கள் பழகின காலத்தில் வாயில் ஒரு லேஞ்சி கட்டிக்கொண்டு நின்றோம். கல்யாணம் பற்றிக் கேட்டால், இரண்டு சம்பந்தம் குழம்பியது. செத்தவீட்டில் "தம்பி, தம்பி" என்று கையைப் பிடித்து அழுத வீட்டுக்காரர் ஒருவர், ஒரு மாதம் கழித்துப் பணம் வாங்கப் போனபோது முற்றத்தில் வைத்தே கதைத்து அனுப்பினார். ரீ தரவில்லை. கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

கேள்வி: உங்களிடம் வரும்போது ஆக்கள் மறந்துவிடுகிற ஒன்று?

பல் செட். ஆஸ்பத்திரி லாச்சிக்குள் கிடக்கும். அது இல்லாமல் கன்னம் உட்குழிந்துபோனால் "இது எங்கள் அப்பா இல்லை" என்று பிள்ளைகள் அழுவார்கள், பிறகு ஓடிப்போய் எடுத்து வந்தால் மருந்து ஏறி வாய் இறுகியிருக்கும், வைக்க முடியாது. உடுப்போடு சேர்த்து அதையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பையில் போட்டு முதலே தந்துவிடுங்கள். படமும் ஒன்று வேண்டும், வருத்தம் வருவதற்கு முந்தியது. கல்யாணப் படம் வேண்டாம்.