பாரிஸ் ஆழ்கிணற்று நீரை ஒரு வாரம் வைத்துக் குடிக்கலாமா?

கேள்வி: பாரிஸ் 13ஆம் வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். போல் வெர்லேன் சதுக்கத்துக் குழாயில் பலர் கேன் கேனாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "வெதுவெதுப்பாக இருக்கிறதே, எதுவும் கலந்திருக்குமோ" என்று தயங்குகிறார். குடிக்கலாமா? ஒரு வாரத்துக்குப் பிடித்து வைக்கலாமா?

பதில்: குடிக்கலாம். ஒரு வாரம் வைப்பதுதான் வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அது பூமியின் சூடு. நூறு மீட்டர் இறங்கினால் சுமார் 3 டிகிரி கூடும். இந்த நீர் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்து மணல் அடுக்கில் 28 டிகிரியில் கிடக்கிறது. அந்த மணல் கிழக்கே ஷாம்பாஞ் பக்கம் மேட்டில் வெளியே தலைகாட்டுகிறது. அங்கே இறங்கிய மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் நகர்ந்து இங்கு வந்திருக்கிறது. மேலே மூடியிருக்கும் களிமண்ணைத் தாண்டித் தெருவின் அழுக்கு கீழே போவது மிகக் கடினம். மேட்டு நீரின் அழுத்தம் இருப்பதால், களிமண்ணைத் துளைத்தால் தண்ணீர் தானாக மேலேறும். இதைத்தான் ஆர்ட்டீசியன் கிணறு என்கிறோம்.

பாரிஸில் முதலில் இந்த மணலைத் தொட்டவர் முலோ என்ற கிணறு துளைப்பவர். கிரெனெல் பகுதியில் ஏழு ஆண்டுகள் துளையிட்டு, 1841இல் 548 மீட்டரில் நீரைக் கண்டார். உங்கள் சதுக்கத்துக் கிணறு 1860களில் தொடங்கி, பாதியில் நின்று, 1904இல்தான் முடிந்தது. பக்கத்து நீச்சல் குளம் 1924இல் இந்த வெந்நீரை நம்பித்தான் திறக்கப்பட்டது. ஒருமுறை போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு! 1861இல் பாரிஸின் பஸ்ஸி பகுதியில் இன்னொரு கிணறு பொங்கியதும் கிரெனெலில் வரத்து குறைந்துவிட்டது. எல்லாம் ஒரே நீர்தான். நெருக்கடிக் காலத்துக்கான குடிநீர்ச் சேமிப்பாக இப்போது அதைக் காக்கிறார்கள். அதனால் குடிக்கும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள்.

சரி, சேமிப்புக்கு வருவோம். கீழே சுத்தமாக இருக்கும் நீர் உங்கள் கேனில்தான் கெடும். வெதுவெதுப்பான நீரில் கிருமி வேகமாகப் பெருகும். வீட்டுக் குழாய் நீருக்கு உள்ள குளோரின் காப்பை இதில் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் கழுவி, நிரப்பி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள். அடியில் மஞ்சள் படிவு தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்பு. இந்த அடுக்கு நீரில் அது இயல்பு.

அப்புறம், குழாயில் "ஓ நோன் பொத்தாப்ல்" என்ற பலகை தொங்கினால் குடிக்கத் தகாது என்று பொருள். அன்றைக்கு வீட்டுக் குழாய் நீரே போதும், அதுவும் நல்ல நீர்தான்.