வாசலில் வைத்த நாற்காலி

கேள்வி: அக்கா, 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொன்னால் சென்னை மாநகராட்சி வண்டி சனிக்கிழமை வந்து பழைய சாமான்களை எடுத்துப்போகிறது. எங்கள் அடுக்ககத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரியே கேட் ஓரம் எல்லாவற்றையும் வைத்துவிடுகிறார்கள். போன வாரம் இரண்டாவது மாடிக்காரர்கள் ஒரு பிரம்பு நாற்காலியை வைத்திருந்தார்கள். பின்னல் அறுந்திருந்தது, ஆனால் சட்டம் தேக்கு. எடுக்கப் போனேன். "நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். எடுத்திருக்கலாமா?
- மேற்கு மாம்பலம் வாசகி

பதில்: எடுத்திருக்கலாம் தங்கச்சி. ஆனால் கேட் ஓரத்திலிருந்து அல்ல, அவர்கள் வீட்டு வாசலிலிருந்து.

இந்தப் பதிலை நான் உட்கார்ந்து எழுதுகிற நாற்காலியே அப்படி வந்ததுதான். ஆதம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது எதிர்வீட்டுக்காரர்கள் வீடு காலி செய்தார்கள். வேண்டாத சாமானெல்லாம் தெருவில். மணியடித்து, "மாமி, அந்த நாற்காலியை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். மாமி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். முந்தானையால் கைப்பிடி இரண்டையும் துடைத்தார். "எங்க மாமனார் உட்கார்ந்தது. வண்டியில் ஏத்தறதைப் பார்க்க மனசில்லாமத்தான் உள்ளே இருந்தேன்" என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். கேட்டு வாங்கினால் அது பொறுக்கியது ஆகாது, கொடுத்ததை வாங்கியது ஆகும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். வைத்தவருக்கும் தன் பொருள் எங்கே போனது என்று தெரியும்.

அடுத்த முறை மரச் சாமான் கண்ணில் பட்டால், முதுகுச் சட்டத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் தடவிச் சேருங்கள். சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் விட்டுவிட்டால் போதும். மேலே தேக்கு மாதிரி தாள் ஒட்டி உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு மழை பட்டாலே ஊறி உப்பிவிடும், திருகாணி நிற்காது. ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், தாள் பெயர்ந்த இடத்தில் தூள் உதிரும்.

பின்னலுக்கு வருகிறேன். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்தோடே பின்ன வேண்டும். முதலில் நெடுக்கு, அதன்மேல் குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, பிறகு இரண்டு பக்கமும் மூலைவாட்டம். ஆறு ஓட்டம். கடைசியில் துளைகளை மறைக்க ஓரப் பட்டை. ஈரத்தில் சற்றுத் தொய்வாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு தட்டிப் பாருங்கள், மேளத்தோல் மாதிரி விறைத்திருக்கும். எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது, விரல் நுனியெல்லாம் கீறல். பிரம்பு கிடைக்காத ஊரென்றால் நைலான் ஒயர் பின்னலும் நன்றாகவே உழைக்கும்.

கேள்வி: காலி செய்து போனவர்கள் மெத்தையோடு கட்டிலை விட்டுப் போயிருக்கிறார்கள். புதுசு மாதிரி இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?
- மதுரை வாசகர்

பதில்: மெத்தை வேண்டாம் தம்பி, எவ்வளவு புதுசாக இருந்தாலும். நான் பட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு மரக்கட்டிலைச் சோதிக்காமல் வீட்டுக்குள் ஏற்றினேன். பத்தே நாளில் பையன் முதுகெல்லாம் தடிப்பு. மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு கிடக்கும். காலியாகக் கிடந்த கட்டில்தானே என்று நம்பியதுதான் என் தப்பு. தலையணை முதல் திரைச்சீலை வரை வெந்நீரில் முக்கி எடுத்தும் ஒழிய நாலு மாதம் பிடித்தது.

கட்டிலை மட்டும் எடுங்கள், அதையும் மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். கெட்டி அட்டை ஒன்றைப் பொருத்துகளின் இடுக்கில் விட்டு இழுங்கள். பேனா மையால் வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூச்சி குடியிருந்த இடம் அது. காலடியில் புதிதாக மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் மரத்தையே பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றாலும் இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, நன்றாக வெயிலில் காயவிட்ட பிறகு உள்ளே கொண்டுபோங்கள்.

பழைய ஹெல்மெட்டையும் எடுக்காதீர்கள். ஒரு தடவை அடிபட்டிருந்தால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. குக்கர் எடுக்கலாம், விளிம்பு நெளியாமல் இருந்தால். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: போகிக்கு எரிக்காமல், அடுத்தவருக்குப் பயன்படுகிற மாதிரி சாமான்களை எப்படி வெளியே வைப்பது?
- பெரம்பூர் வாசகி

பதில்: நல்லா இரும்மா. 2018 போகியன்று புகைமூட்டத்தில் இறங்க முடியாமல் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்குள் மூச்சிரைத்துக் கிடந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பே, மழை படாத இடத்தில் வையுங்கள். "மிக்சி ஓடும், ஜார் மூடி இல்லை" என்று உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். குறையைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்ற ஆள் எடுத்துக்கொள்வார். பழைய குண்டு டிவியை யாரும் உடைக்க விடாதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இரும்பு, பித்தளை, ஒயர் எல்லாம் தூய்மைப் பணியாளர்களுக்கு என்று தனியாக வைத்துவிடுங்கள். காயலான் கடையில் போட்டால் அவர்கள் கைக்கு நாலு காசு வரும், அதில் நாம் கை வைக்கக் கூடாது.

கட்டிலைக் கழற்றி வைப்பதானால் நட்டு, போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலிலேயே இறுக்கிக் கட்டிவிடுங்கள்.